விஷக்கடியும் மந்திரமும்

(ஒத்தக்கடையில் ஒரு வைத்தியசாலை முன்பாக ஞாயிற்றுக்கிழமை மாலை கூடிய கூட்டத்தில், அவ்வூரில் வைத்தியத் தொழில் நடத்தும் தோழர் ஒருவர் பேசியதன் சாரம்.)



நான் பிரசங்கம் செய்து பழக்கப்பட்டவனல்ல. தினமும் இரண்டு வேளையும் இந்தத் திண்ணைக்குப் பின்னால் இருக்கும் அறையில் உட்கார்ந்து, வருகிறவர்களுக்கு மருந்து எழுதிக் கொடுப்பதே என் வேலை. இவ்வூர் வாலிபர்கள் சுகாதாரத்தைப் பற்றி நான் பேச வேண்டும் என்று கேட்டுக் கொண்டார்கள். சுகாதாரம் என்றால் பல்லை விளக்கு, நகத்தை வெட்டு, தண்ணீரைக் காய்ச்சிக் குடி என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து விடலாம். அவையெல்லாம் நல்ல காரியங்கள்தான். ஆனால் அவற்றை உங்களுக்குப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளே சொல்லி விடுவார்கள். ஆகையால் இன்று நான், நம் ஊரில் தெரிந்தே உயிர் போகிற ஒரு விஷயத்தைப் பற்றி மாத்திரம் பேசப் போகிறேன். அதுதான் விஷக்கடி. பாம்புக் கடியும் நாய்க் கடியும்.

இதைப் பேசுவதற்கு ஒரு காரணம் உண்டு. சில வருஷங்களுக்கு முன் ஒரு விடியற்காலையில், ஒரு பெண்ணை ஆட்டோவில் தூக்கிப் போட்டு என் வாசலுக்குக் கொண்டு வந்தார்கள். வயது இருபத்து நாலோ இருபத்தைந்தோ இருக்கும். கைக்குழந்தைக்காரி. இராத்திரி தரையில் பாய் போட்டுப் படுத்திருந்தவள் இரண்டு மணிக்கு வயிற்று வலி என்று எழுந்திருக்கிறாள். வாயு என்று சொல்லி இஞ்சிச் சாறு கொடுத்திருக்கிறார்கள். மூன்று மணிக்குக் கண் இமை இரண்டும் கீழே சொருகிக் கொண்டன. நாக்குக் குழறிற்று. "முனி அடித்து விட்டது" என்று பக்கத்துத் தெருப் பூசாரியை அழைத்து வந்திருக்கிறார்கள். அவர் உடுக்கை அடித்து, வேப்பிலை அடித்து, "நீ யார், எங்கிருந்து வந்தாய்?" என்று கேட்டிருக்கிறார். அவளுக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. வாய் வராததையே முனி பிடித்ததற்கு அத்தாட்சியாக வைத்துக் கொண்டு மேலும் இரண்டு மணி நேரம் அடித்திருக்கிறார்கள். என்னிடம் வந்தபோது மூச்சு நின்று விட்டிருந்தது. பாயை உதறிப் பார்த்தபோது கட்டுவிரியன் கிடந்ததாகப் பிறகு வந்து சொன்னார்கள்.

தோழர்களே! அந்தப் பூசாரியைக் குறை சொல்லுவதற்காக இதைச் சொல்லவில்லை. அவர் தமக்குத் தெரிந்ததைச் செய்தார். தெரிந்தவன் நான் ஒருவன் இந்த ஊரிலேயே பல வருஷமாக இருந்தேன். கட்டுவிரியன் கடித்தால் வலியிருக்காது, தடம்கூடச் சரியாகத் தெரியாது, இராத்திரி தரையில் படுத்தவருக்குக் காரணமில்லாமல் வயிற்று வலியும் இமைச் சொருகலும் வந்தால் உடனே பாம்பைச் சந்தேகிக்க வேண்டும் என்று இந்த ஊராரிடம் ஒரு நாளாவது நான் வாய் திறந்து சொல்லியிருக்கிறேனா என்றால், இல்லை. மருந்து விற்றேன், அறிவைச் சொல்லவில்லை. ஆகவே அந்தச் சாவில் எனக்கும் பங்கு உண்டு. அந்தக் கடனைத் தீர்க்கத்தான் இன்று பேசுகிறேன்.

நாம் நிற்கிற இடத்தைப் பாருங்கள். எதிரே யானைமலை. மதுரைக்கு மேற்கே போனால் நாகமலை. சமணர்கள் மதுரையை அழிக்க ஒரு யானையை ஏவினார்கள், அது கல்லாகி இந்த மலையாயிற்று. பிறகு ஒரு பாம்பை ஏவினார்கள், அது கல்லாகி அந்த மலையாயிற்று என்று புராணம் சொல்லுகிறது. இந்த யானைமலையிலேயே சமணர்கள் வெட்டி வைத்த உருவங்கள் இன்றும் இருக்கின்றன. மலைமேல் குகையில் படுத்துக் கிடந்தவர்கள் மலையையே ஏவினார்கள் என்பது எவ்வளவு பொருத்தமான கதை என்பதை நீங்களே யோசித்துக் கொள்ளுங்கள். எனக்கு வேண்டியது ஒன்றுதான். மலை பெரிய பாம்பைக் கல்லாக்க முடிந்ததாகச் சொல்லப்படும் இதே மதுரைச் சீமையில், வயல் வரப்பில் கிடக்கிற இரண்டு முழப் பாம்பு இன்றுவரை எந்தப் பாட்டுக்கும், எந்த மந்திரத்திற்கும் கல்லாகவில்லை. கடிபட்டவன்தான் கல்லாகிறான்.

மந்திரத்தால் போகாத வியாதி அறிவால் போகுமா என்று நீங்கள் கேட்கலாம். போயிருக்கிறது. பெரியம்மையை எடுத்துக் கொள்ளுங்கள். நம் பாட்டன் காலத்தில் அதை வியாதி என்று சொல்லவே பயந்தார்கள். அம்மை வார்த்திருக்கிறது, ஆத்தாள் இறங்கியிருக்கிறாள், முத்துப் போட்டிருக்கிறாள் என்று சொல்லி, கூழ் ஊற்றினார்கள், தீ மிதித்தார்கள். ஆத்தாள் தன் பாட்டுக்குப் பிள்ளைகளைக் கொண்டு போனாள். கொண்டு போகாத பிள்ளைகளில் சிலரைக் குருடாக்கி விட்டுப் போனாள். 1796-ம் வருஷத்தில் இங்கிலாந்தில் ஜென்னர் என்ற ஒரு கிராமத்து வைத்தியர், மாட்டம்மை வந்த பால்காரிகளுக்குப் பெரியம்மை வருவதில்லை என்று பேசிக் கொள்வதைக் கேட்டு, அது நிஜமா என்று சோதித்துப் பார்த்தார். அதிலிருந்து அம்மைப்பால் பிறந்தது. இந்தியாவில் கடைசிப் பெரியம்மை 1975-ம் வருஷத்தில் கண்டது. 1980-ம் வருஷம் மே மாதத்தில் உலகத்திலேயே பெரியம்மை இல்லை என்று உலக சுகாதார ஸ்தாபனம் அறிவித்து விட்டது. இன்றைக்கும் வருகிறதே என்று சிலர் சொல்வது சின்னம்மையும் தட்டம்மையும். அவை வேறு வியாதிகள், அவற்றிற்கும் தடுப்பூசி இருக்கிறது. மாரியம்மன் கோயில்கள் இடிந்து விடவில்லை. திருவிழா நிற்கவில்லை. பெரியம்மை மாத்திரம் போய் விட்டது. அப்படியானால் அதை வைத்திருந்தவர் யார், போக்கியவர் யார் என்பதை யோசித்துப் பாருங்கள். ஊரார் "இது யாருடைய கோபம்?" என்று கேட்டுக் கொண்டிருந்த காலமெல்லாம் வியாதி இருந்தது. "இது எதனால் வருகிறது?" என்று ஒருவர் கேட்ட பிறகுதான் போயிற்று.

இதே கேள்வியைப் பாம்பைப் பற்றியும் கேட்போம்.

நம் தேசத்தில் 2000-ம் வருஷம் முதல் 2019-ம் வருஷம் வரை பாம்பு கடித்துச் செத்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர் என்று ஆராய்ச்சிக்காரர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். வருஷத்திற்குச் சராசரி 58,000 பேர். இவர்களில் பெரும்பாலோர் கிராமத்து ஜனங்கள். வயலில் இறங்கி வேலை செய்கிறவர்கள், தரையில் படுக்கிறவர்கள். பட்டணத்தில் மாடியில் மின்விசிறிக்கடியில் படுக்கிற கனவான்களை எந்த நாக தோஷமும் கடிப்பதில்லை. தோஷம் என்பது ஏழைக்கு மாத்திரம் ஏற்பட்டதா? அல்லது செருப்பும் கட்டிலும் வெளிச்சமும் இல்லாமைக்குத்தான் தோஷம் என்று பெயரா?

நம் பக்கத்தில் ஆளைக் கொல்லக் கூடிய பாம்புகளில் முக்கியமானவை நாலு. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். நல்ல பாம்பும் கட்டுவிரியனும் நரம்பைத் தாக்கும். இமை சொருகும், பேச்சுக் குழறும், கடைசியில் மூச்சு நிற்கும். விரியன்கள் இரண்டும் ரத்தத்தைக் கெடுக்கும். கடிவாய் வீங்கும், ஈறிலும் சிறுநீரிலும் ரத்தம் வரும். கண்ணாடி விரியனின் விஷம் மூத்திரக்காயையும் கெடுத்து விடும். மற்றப்படி சாரை, தண்ணீர்ப் பாம்பு, கொம்பேறி மூக்கன் முதலானவற்றால் உயிருக்கு ஆபத்தில்லை. கொம்பேறி மூக்கன் கடித்து விட்டுச் சுடுகாடு வரை வந்து புகை பார்க்கும் என்பது வெறும் கட்டுக்கதை. பாம்பு பழி வாங்காது. புற்றில் ஊற்றுகிற பாலையும் அது குடிப்பதில்லை. எலியும் தவளையும் தின்கிற ஜந்து அது.

இப்போது முக்கியமான சங்கதிக்கு வருகிறேன். "எங்கள் ஊர் மந்திரவாதி நூறு பேரைப் பிழைக்க வைத்திருக்கிறாரே, அது பொய்யா?" என்று என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். அது பொய்யல்ல. ஆனால் கணக்குப் பாருங்கள். வைத்திய நூல்கள் சொல்லுகிற உத்தேசக் கணக்குப்படி, பாம்பு கடித்து வருகிற நூறு பேரில் எழுபது பேரைக் கடித்தது விஷமில்லாத பாம்பாக இருக்கும். மீதி முப்பது பேரை விஷப்பாம்பு கடித்திருந்தாலும் அவர்களில் பாதிப் பேருக்கு விஷம் இறங்கியிருக்காது; ஏனென்றால் பாம்பு ஒவ்வொரு கடியிலும் விஷத்தைச் செலவழிப்பதில்லை. ஆக நூறில் எண்பத்தைந்து பேர் எப்படியும் பிழைப்பார்கள். மந்திரித்தாலும் பிழைப்பார்கள், மந்திரிக்காவிட்டாலும் பிழைப்பார்கள், சும்மா திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக் கொண்டிருந்தாலும் பிழைப்பார்கள். அந்த எண்பத்தைந்து பேரும் மந்திரவாதியின் கணக்கில் வரவு. மீதிப் பதினைந்து பேர்? "விதி முடிந்து விட்டது", "காலம் தாழ்த்திக் கொண்டு வந்தார்கள்", "தீட்டுப்பட்டு விட்டது" என்று அவர்கள் வேறொரு கணக்கில் பற்று. இப்படி வரவை மாத்திரம் காட்டி, பற்றை மறைக்கிற கணக்கப்பிள்ளையை நம் கடையில் ஒரு நாள் வைத்திருப்போமா? அரிசிக் கடையில் பார்க்கிற கணக்கை உயிர் விஷயத்தில் பார்க்க வேண்டாமா?

அந்தப் பதினைந்து பேருக்குத்தான் வைத்தியம் வேண்டும். அவர்களுக்கு வேண்டிய மருந்து உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். அது பாம்பு விஷமுறிவு ஊசி. அது எப்படிச் செய்யப்படுகிறது என்பதையும் சொல்லுகிறேன், ஏனென்றால் ஒளித்து வைப்பதற்கு அதில் மந்திரம் ஒன்றுமில்லை. பாம்பின் விஷத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குதிரைக்கு ஏற்றுகிறார்கள். குதிரையின் ரத்தம் அந்த விஷத்தை எதிர்க்கும் பொருளை உண்டாக்கிக் கொள்ளுகிறது. அந்தப் பொருளைப் பிரித்துச் சுத்தம் செய்து ஊசி மருந்தாக்குகிறார்கள். நம் தேசத்து ஊசி மேற்சொன்ன நாலு பாம்புகளுக்கும் சேர்த்துச் செய்யப்படுகிறது.

அந்த விஷம் எங்கிருந்து வருகிறது தெரியுமா? அதில் பெரும் பகுதி நம் தமிழ்நாட்டிலிருந்தே போகிறது. செங்கற்பட்டு ஜில்லாவில் வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் ஒன்று இருக்கிறது. 1978-ம் வருஷத்தில் ஏற்பட்டது. இருளர்கள் முன்பு பாம்பைத் தோலுக்காகப் பிடித்துப் பிழைத்தவர்கள். தோல் வியாபாரத்தைச் சர்க்கார் தடுத்த பிறகு பிழைப்பற்றுப் போனார்கள். அவர்கள் தங்களுக்குத் தெரிந்த வித்தையைக் கொண்டே, பாம்பைப் பிடித்து, விஷத்தை எடுத்துக் கொண்டு, பாம்பை மறுபடியும் காட்டில் விட்டு விடுகிற தொழிலுக்கு வந்தார்கள். அவர்களில் வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரண்டு பேருக்கு 2023-ம் வருஷத்தில் பத்மஸ்ரீ பட்டம் கிடைத்தது. தோழர்களே! கோயிலுக்குள் வராதே, கிணற்றைத் தொடாதே என்று ஊர் ஒதுக்கி வைத்த ஜனங்கள் கையால் எடுத்த விஷத்திலிருந்து வந்த மருந்துதான் இன்று எல்லா ஜாதியார் ரத்தத்திலும் ஏறுகிறது. மேல்ஜாதிக்காரர் எவரும் அந்த ஊசியைத் தீட்டு என்று வேண்டாம் என்றதாக நான் கேள்விப்படவில்லை. சாகப்போகிறபோது போய் விடுகிற தீட்டு, உயிரோடிருக்கும்போது மாத்திரம் ஏன் வந்து ஒட்டிக் கொள்ளுகிறது என்று கேட்டுப் பாருங்கள்.

ஆஸ்பத்திரியில் என்ன செய்வார்கள் என்று தெரியாததும் ஜனங்கள் போகப் பயப்படுவதற்கு ஒரு காரணம். மந்திரவாதி மிளகைக் கொடுத்துக் காரம் தெரிகிறதா என்று கேட்பார். வேப்பிலையைக் கொடுத்துக் கசக்கிறதா என்று கேட்பார். ஆஸ்பத்திரியில் ஒரு சுத்தமான கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் ரத்தத்தை எடுத்து, 20 நிமிஷம் அசைக்காமல் வைத்து, பிறகு சாய்த்துப் பார்ப்பார்கள். உறைந்திருந்தால் நல்லது. உறையாமல் ஓடினால் விரியன் விஷம் ரத்தத்தில் ஏறியிருக்கிறது என்று அர்த்தம், ஊசி போடுவார்கள். கடித்த பாம்பு எது என்று தெரிய வேண்டிய அவசியமில்லை. பாம்பை அடித்துப் பையில் போட்டுக் கொண்டு வரவும் வேண்டாம். அப்படி அடிக்கப் போய் இரண்டாவது ஆளும் கடிபட்டு வருவதுண்டு. குழந்தைக்கும் பெரியவருக்கும் மருந்தளவு ஒன்றே. குழந்தை என்று பார்த்துப் பாம்பு விஷத்தைக் குறைத்துக் கொடுப்பதில்லையல்லவா? ஊசியால் சிலருக்கு உடம்பு தடித்து, மூச்சுத் திணறல் வருவதும் உண்டு. அதை நான் மறைக்கவில்லை. அதற்கு மாற்று மருந்தைப் பக்கத்தில் வைத்துக் கொண்டுதான் போடுவார்கள். ஆகையால்தான் அதை வீட்டிலோ என் போன்ற ஒற்றை வைத்தியனின் அறையிலோ போடுவதைவிடப் பெரிய ஆஸ்பத்திரியில் போடுவது மேல் என்கிறேன். மூச்சு நிற்கிற நிலை வந்தாலும் அங்கே சுவாச யந்திரம் இருக்கிறது. நாலைந்து நாள் யந்திரத்தில் மூச்சு விட்டு, பிறகு எழுந்து நடந்து வீட்டுக்கு வந்தவர்கள் உண்டு. அந்தக் கைக்குழந்தைக்காரியும் அப்படி வந்திருக்கக் கூடும்.

நம் ஒத்தக்கடையிலிருந்து மதுரை ராஜாஜி ஆஸ்பத்திரி பத்து கிலோ மீட்டருக்குள் இருக்கிறது. நல்ல ரஸ்தா இருக்கிறது. 108 என்று கூப்பிட்டால் வண்டி வருகிறது. ஊசிக்குச் சர்க்கார் ஆஸ்பத்திரியில் காசில்லை. வெளியில் வாங்கினால் ஒரு ஏழைக் குடும்பம் மாட்டை விற்க வேண்டி வரும். 2024-ம் வருஷம் நவம்பரில், பாம்புக் கடியை எல்லா ஆஸ்பத்திரிகளும் சர்க்காருக்குத் தெரிவித்தாக வேண்டிய விஷயமாகத் தமிழ்நாட்டு சர்க்கார் ஆக்கியிருக்கிறது. 1939-ம் வருஷத்துச் சென்னை மாகாணப் பொது சுகாதாரச் சட்டத்தைக் கொண்டே இதைச் செய்தார்கள். கணக்கு எடுத்தால்தான் எந்த ஊரில் எவ்வளவு மருந்து வைக்க வேண்டும் என்பது தெரியும். ஆகவே மந்திரவாதியிடம் போய்ப் பிழைத்தவனும் செத்தவனும் இந்தக் கணக்கில் வரமாட்டான் என்பதையும், அதனால் நம் ஊருக்கு வர வேண்டிய மருந்தும் குறையும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இனி, கடித்தவுடன் என்ன செய்வது? முதலில் ஆளைப் பயப்படாமல் இருக்கச் சொல்லுங்கள். எண்பத்தைந்து பேர் கணக்கை அப்போது சொல்லுங்கள். அது பொய்த் தைரியமல்ல, நிஜம். மோதிரம், வளையல், கொலுசு, மெட்டி, அரைஞாண் இவற்றைக் கழற்றி விடுங்கள். வீங்கினால் இவையே காலையும் கையையும் அறுத்து விடும். கடிபட்ட காலை, எலும்பு முறிந்த காலைக் கட்டுவதுபோல் இரண்டு குச்சி வைத்து அசையாமல் கட்டுங்கள். அந்த ஆளை நடக்க விடாமல் தூக்கிக் கொண்டு போங்கள். இவ்வளவுதான். கயிற்றால் இறுக்கிக் கட்டாதீர்கள்; ரத்த ஓட்டம் நின்று கால் அழுகிப் போகும். பிளேடால் கீறாதீர்கள்; விரியன் கடியானால் ரத்தம் நிற்காது. வாயால் உறிஞ்சாதீர்கள். விஷக்கல்லை ஒட்ட வைத்துக் கொண்டு உட்கார்ந்திருக்காதீர்கள். பச்சிலை அரைக்க ஆளை அனுப்பாதீர்கள். அந்த ஆளை வண்டி பிடிக்க அனுப்புங்கள்.

பெண்கள் விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். ஆண்பிள்ளையைப் பாம்பு கடித்தால் தெருவே கூடி வண்டி பிடிக்கிறது. பெண்ணைக் கடித்தால், "வீட்டுக்காரன் வரட்டும்", "மாமியாரைக் கேட்போம்" என்று நேரம் போகிறது. தனக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லவும் ஆஸ்பத்திரிக்குப் புறப்படவும் ஒருவரிடம் உத்தரவு வாங்க வேண்டிய நிலையில் ஒரு பெண் இருக்கும் வரையில், என் மருந்து அவளுக்குப் பாதிதான் பயன்படும். தாய்மார்களே! கடிபட்டால் யாரையும் கேட்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். உங்கள் உயிருக்கு நீங்கள்தான் சொந்தக்காரர்.

கடியே வராமல் தடுப்பது இன்னும் மேல். பெரியாற்றுத் தண்ணீர் வந்து வயலில் வேலை தொடங்கினால் பாம்பும் வெளியே வரும். பாம்பு வீட்டுக்கு வருவது எலிக்காக. எலி வருவது சிந்திக் கிடக்கிற நெல்லுக்காக. ஆகையால் நெல்லைப் பத்திரப்படுத்தினால் பாம்பைத் தடுத்ததாகும். சுவரோரத்தில் விறகும் செங்கலும் குவித்து வைக்காதீர்கள். வைக்கோல் போரில் கையை விடுமுன் கம்பால் தட்டுங்கள். இராத்திரி வெளிக்குப் போனால் டார்ச் விளக்கு எடுத்துப் போங்கள். தரையில் படுக்காமல் கட்டிலில் படுங்கள்; கட்டில் இல்லாவிட்டால் கொசுவலையைப் பாய்க்கடியில் நாலு பக்கமும் சொருகி விட்டுப் படுங்கள். கொசுவுக்கும் பாம்புக்கும் ஒரே வலை போதும். காலுக்குச் செருப்புப் போடுங்கள். செருப்பு என்று சொல்லும்போது எனக்கு வெட்கமாயிருக்கிறது. ஒரு ஜாதியார் தெருவில் செருப்புப் போட்டு நடக்கக் கூடாது என்று வைத்திருந்த கிராமங்கள் நம் மதுரை ஜில்லாவிலும் இருந்தன. அந்தக் கட்டுப்பாடு அவர்களுடைய மானத்தை மாத்திரம் வாங்கவில்லை. வரப்பில் எத்தனை பேருடைய உயிரையும் வாங்கியிருக்கும் என்பதை யாராவது கணக்கெடுத்திருக்கிறார்களா?

இனி நாய்க்கடி. பாம்புக் கடியிலாவது நூறில் எண்பத்தைந்து பேர் தானாகப் பிழைப்பார்கள் என்றேன். வெறிநாய்க்கடி அப்படியல்ல. தண்ணீரைக் கண்டு பயப்படுகிற நிலை வந்து விட்டால் பிறகு உலகத்தில் எந்த வைத்தியராலும் காப்பாற்ற முடியாது என்றே வைத்துக் கொள்ளுங்கள். ஆனால் அந்த நிலை வருமுன் ஊசி போட்டால் ஏறக்குறைய எல்லோரும் பிழைப்பார்கள். வியாதிகளில் இவ்வளவு நிச்சயமான சாவும், இவ்வளவு நிச்சயமான தடுப்பும் சேர்ந்து இருப்பது அபூர்வம். வெறிநாயின் எச்சிலில் உள்ள கிருமி கடிவாயிலிருந்து நரம்பு வழியாக மெள்ள மெள்ள மூளைக்குப் போகிறது. போய்ச் சேரச் சில வாரமோ சில மாதமோ ஆகும். அந்த இடைவெளிதான் நமக்குக் கிடைத்த அவகாசம். 1885-ம் வருஷம் ஜூலை மாதத்தில், பிரான்சு தேசத்தில் ஜோசப் மைஸ்டர் என்ற ஒன்பது வயதுப் பையனைக் காப்பாற்றி பாஸ்டர் இதைக் காட்டினார். அவர் வைத்தியரல்ல, ரசாயன சாஸ்திரி. நம் நாட்டில் குன்னூரில் 1907-ம் வருஷம் முதல் பாஸ்டர் பெயரில் ஸ்தாபனம் இருக்கிறது.

ஆகவே நாய், பூனை, குரங்கு எது கடித்தாலும், பிறாண்டினாலும் உடனே குழாய்த் தண்ணீரிலும் சோப்பிலும் கால் மணி நேரம் கடிவாயைக் கழுவுங்கள். சுண்ணாம்பு, மிளகாய்ப் பொடி, மஞ்சள், காப்பித் தூள் ஒன்றும் வைக்காதீர்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்று பயப்பட வேண்டாம். அந்தப் பழைய ஊசி கைவிடப்பட்டுச் சுமார் இருபது வருஷமாகிறது. இப்போது தோளில்தான் போடுகிறார்கள். சர்க்கார் ஆஸ்பத்திரியில் முதல் நாள், பிறகு 3, 7, 28-ம் நாள்கள். ரத்தம் வருகிற காயமானால் கடிவாயைச் சுற்றியே இன்னொரு மருந்தும் போடுவார்கள். அதையும் கேட்டுப் போட்டுக் கொள்ளுங்கள். ஒரு ஊசி போட்டதும் சரியாய்ப் போயிற்று என்று நிறுத்தி விடாதீர்கள். "நம் வீட்டு நாய்தானே, குட்டிதானே" என்றும் இருந்து விடாதீர்கள். பிள்ளைகள் விஷயத்தில் இன்னும் ஜாக்கிரதை வேண்டும். நாயிடம் ஏன் போனாய் என்று அடிக்கிற வீட்டில் பிள்ளை கடிபட்டதை மறைத்து விடும். அந்த மறைப்பு அதன் உயிருக்கே ஆபத்து. அடிக்க மாட்டோம் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

மந்திரவாதியைச் சொன்ன நான் என் தொழிலைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. எங்களிலும் மந்திரவாதிகள் உண்டு. சளிக்கு ஒரு ஊசி, களைப்புக்கு ஒரு பாட்டில் குளுகோஸ், எந்தக் காய்ச்சலுக்கும் கிருமிக்கொல்லி மாத்திரை என்று கொடுத்துப் பணம் பறிக்கிறவர்கள் உண்டு. நீங்களும் ஊசி போடாத வைத்தியனை வைத்தியன் என்றே மதிப்பதில்லை. காரணம் தெரியாமல் போட்டுக் கொள்ளுகிற ஊசிக்கும் காரணம் தெரியாமல் கட்டிக் கொள்ளுகிற தாயத்துக்கும் என்ன வித்தியாசம்? ஒன்று கையில் குத்துகிறது, மற்றது கையில் தொங்குகிறது; அவ்வளவுதான். ஆகையால் என்னிடம் வந்தாலும் "இது என்ன மருந்து, எதற்காக, எத்தனை நாள்?" என்று கேளுங்கள். பதில் சொல்லக் கோபப்படுகிறவன் வைத்தியனானாலும் சரி, பூசாரியானாலும் சரி, அவனிடம் ஜாக்கிரதையாயிருங்கள்.

தோழர்களே! நான் சொன்னேன் என்பதற்காக இவற்றை நம்ப வேண்டாம். ராஜாஜி ஆஸ்பத்திரியில் போய்க் கேளுங்கள். பிழைத்து வந்தவர்களைக் கேளுங்கள். உங்கள் தெருவில் செத்தவர்கள் எப்படிச் செத்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள். சரியென்று பட்டால் இந்தக் கூட்டத்து வாலிபர்கள் ஒரு காரியம் செய்ய வேண்டும். தெருவுக்கு ஒரு வீட்டை ஏற்படுத்தி, அந்த வீட்டில் ஒரு டார்ச் விளக்கு, காலைக் கட்ட இரண்டு குச்சி, துணி, இராத்திரியில் வண்டி கொடுக்கக் கூடியவர்களின் பெயர் இவற்றை வைத்திருக்க வேண்டும். அந்தப் பூசாரியையும் விலக்க வேண்டாம். இராத்திரி இரண்டு மணிக்கு ஜனங்கள் முதலில் அவரைத்தான் எழுப்புகிறார்கள். அவரையும் கூப்பிட்டு உட்கார வைத்து, இமை சொருகினால் உடுக்கையைக் கீழே வைத்து விட்டு 108-ஐக் கூப்பிடச் சொல்லிக் கொடுப்போம். அவர் அப்படி ஒரு உயிரைக் காப்பாற்றினால், அந்த உயிர் அவர் கணக்கிலேயே வரவாகட்டும், எனக்கு ஆட்சேபணையில்லை.

அந்தக் கைக்குழந்தை இப்போது பள்ளிக்கூடம் போகிறது. என் வாசல் வழியாகத்தான் போகிறது. அதைப் பார்க்கிறபோதெல்லாம் இந்தப் பேச்சைப் பல வருஷம் முன்னாலேயே பேசியிருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. இனிமேல் இந்த ஊரில் ஒரு பிள்ளையும் அப்படித் தாயில்லாமல் நடக்க வேண்டி வராமல் பார்த்துக் கொள்ளுவது உங்கள் கையிலும் என் கையிலும் இருக்கிறது.